சிரிக்காத மாணவியையும் மாணவியென ஏற்கக் கோரும் முறையீடு

அனுப்புநர்:
பூ. கார்முகில்,
துணைத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகம்,
அரசு உயர்நிலைப் பள்ளி (தற்போது பூட்டப்பட்டுள்ளது),
பூமாலைக்கட்டளை,
காரைக்கால் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தனி அலுவலர் அவர்கள்,
தொலைவழிக் கற்றல் மற்றும் மாணவர் நலப் பிரிவு,
காரைக்கால்.

பொருள்: பத்தாம் வகுப்பு மாணவி அ. பிரதீபா மாதிரித் தேர்வு எழுத வழிவிடுதல் – மாணவர் நலனை நேரில் பார்த்து அறிதல் – மூவர்மீது புகார் அளித்தல் – அம்மூவருள் ஒருவர் இதை எழுதுபவரே – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவின் ‘மலர்ந்த முகம்’ சுற்றறிக்கை. 2. தாங்கள் எனக்கு வழங்கிய பாராட்டுச் சான்றிதழ்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் முப்பது ஆண்டுகளாக மேடையில் பேசிப் பழகியவன். மேடையில் என்னை நிறுத்தத் துண்டுச்சீட்டு வரும். எழுத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே பத்திதோறும் எண்ணிட்டு என்னை நானே கட்டிப்போட்டிருக்கிறேன். தங்களுக்கு நேரம் குறைவு எனில் பதினோராம் பத்தியை மட்டும் படித்துக் கையொப்பமிட்டாலும் போதும். ஒரு பெண் தேர்வு எழுதிவிடுவாள். மற்றவற்றைப் பொங்கல் விடுமுறையில் படித்துக்கொள்ளலாம்.

1. சென்ற நவம்பர் 9ஆம் நாள் அடைமழையில் எங்கள் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளின் கூரை இறங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாள் பார்த்து விழுந்த கூரையின் பொறுப்புணர்வை ஊரே வியந்தது. மறுநாள் கட்டடம் முழுவதும் பூட்டப்பட்டது. ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகள் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பிற்பகல் முறையில் அனுப்பப்பட்டன. பத்தாம் வகுப்போ பொதுத்தேர்வு எழுதும் வகுப்பு. அதன் படிப்புக்கு எந்த இடையூறும் நேரக் கூடாது என்று தங்கள் பிரிவு கருதியது. எனவே பள்ளி என்னும் இடையூறும் நீக்கப்பட்டது. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் நவம்பர் 17 முதல் வீட்டிலிருந்தே அலைபேசி வழியே படித்து வருகிறார்கள்.

2. தனித்திருக்கும் பிள்ளைகள் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்ததே ‘மலர்ந்த முகம்’ சுற்றறிக்கை. அதை எழுதியவர் நல்ல மனம் படைத்தவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நல்ல மனம் படைத்தவர் கையில் ஒரு செயலியும் கிடைத்துவிட்டது என்பதே சிக்கல். அதன்படி, ஒவ்வொரு மாணவரும் காலை ஒன்பது மணிக்குள் மலர்ந்த முகத்துடன் தன் நிழற்படத்தை எடுத்து அனுப்ப வேண்டும். அதுவே வருகைப் பதிவு. முதல் நாள் வந்த முகத்தைச் செயலி அந்தப் பதிவெண்ணுக்கு உரிய மாணவர் முகமெனக் குறித்துக்கொள்ளும். நாள்தோறும் அதில் மகிழ்ச்சி எத்தனை விழுக்காடு என்றும் அளந்து சொல்லும். அடுத்து, ‘இன்று என் மனநிலை’ என்ற இடத்தில் மகிழ்ச்சி, நடுநிலை, கவலை ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். கவலையைத் தொட்ட பிள்ளைக்கு முப்பத்திரண்டு வினாக்கள் அடங்கிய படிவம் வரும். அதை நிரப்பியபின் ஓர் ஊக்கவுரை ஒலிக்கும். உரை முடிந்த பிறகே வகுப்பு திறக்கும்.

3. அந்த ஊக்கவுரைகளை ஆற்றியவன் நான். பள்ளிக்கு ஒரு நற்பேச்சாளரைத் தேர்ந்து தருமாறு தாங்கள் கேட்டீர்கள். ஒலிபெருக்கி இல்லாமலே நான்கு தெருவுக்குக் கேட்கும் குரல் என்ற தகுதியில் ஊரார் என்னை அனுப்பினர். நாளுக்கு ஓர் உரை, உரைக்குப் பதினேழு மணித்துளி. ‘எழுக இளஞ்சிங்கங்காள்’ என்று தொடங்கினேன். சிங்கங்கள் எழுந்தனவா என்று ஒருநாளும் கேட்டேனில்லை. கவலையுற்ற ஒரு பிள்ளை, படிவத்தையும் என்னையும் கடந்து வகுப்புக்குள் நுழையும்போது கணக்குப் பாடம் பாதி முடிந்திருக்கும். ஒரு கவலையோடு வந்த பிள்ளை இரண்டு கவலையோடு உட்காரும்.

4. முதல் நாள் பத்தொன்பது பிள்ளைகள் கவலையைத் தொட்டனர். பத்தாம் நாள் ஒருவரும் தொடவில்லை. ‘பத்தே நாளில் கவலையை அறவே ஒழித்தமைக்காக’ என்று எழுதி, முத்திரையிட்டு, தாங்கள் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பினீர்கள். அதைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருவோர் கண்ணில் படும்படி நாற்காலியையும் திருப்பிப் போட்டேன். அந்த நாற்காலியில் ஒருநாள் வந்து உட்கார்ந்த ஆபித் என்னும் மாணவன் சான்றிதழை நெடுநேரம் படித்துவிட்டுச் சொன்னதை, அவன் சொற்களிலேயே தருகிறேன்: “ஐயா, கோச்சுக்காதீங்க. கவலைன்னு அழுத்துனா உங்க பேச்சு வருது. அதான் நாங்க எல்லாரும் சந்தோஷமா இருக்கோம்.” முப்பது ஆண்டுப் பொதுவாழ்வில் என் பேச்சுக்குக் கல் விழுந்ததுண்டு, கைதட்டு விழுந்ததுண்டு. என் பேச்சையே தண்டனையாக வைத்த அலுவலகம் தங்களுடையது ஒன்றுதான். ஆயினும் சான்றிதழை அன்றும் நான் கழற்றவில்லை.

5. இனி மாணவி பிரதீபாவின் செய்தி. இவர் தந்தை அன்பழகன், கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் சரக்குந்தின் ஓட்டுநர். வீட்டில் உள்ளது ஒரே அலைபேசி. அது காலை ஏழு மணிக்கு அவரோடு புறப்பட்டு மாலை ஆறரைக்குத் திரும்பும். வகுப்பு நடப்பதோ ஒன்பதரை முதல் ஒரு மணி வரை. பாடப் பதிவுகளையாவது மாலையில் பார்க்கலாம் என்றால், பிள்ளைகள் கண் விழித்து உடல்நலம் கெடக் கூடாது என்ற பரிவினால் அவை ஆறு மணிக்கே நீக்கப்படுகின்றன. ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையே இருக்கும் அந்த அரை மணிநேரத்தில்தான் ஐயா, ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு தொலைந்தது. பக்கத்து வீட்டுத் தோழி தேவிகாவின் குறிப்பேட்டைப் படியெடுத்ததே இவர் பெற்ற கல்வி.

6. ஆனால் தங்கள் பதிவேட்டின்படி பிரதீபா ஒருநாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. எப்படி என்பதை அன்பழகன் வாயாலேயே கேட்பது நன்று: “மணி எட்டு அம்பது. லாரி கேட்டுல வரிசையில நிக்குது. புள்ள வீட்டுல இருக்கு, போனு என் கையில இருக்கு. ஆப்சென்ட் போட்ருவாங்களேன்னு பயந்து, மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு நானே சிரிச்சு அனுப்பிட்டேங்க. ஒத்துக்கிச்சு. ஒத்துக்கிட்டதத்தானே மறுநாளும் செய்யணும்?” இருபத்தொன்பது வேலை நாள்கள் இவர் மகளுக்காகச் சிரித்தார். மகிழ்ச்சி தொண்ணூற்றாறு விழுக்காடு. மழையில் சரக்குந்து பழுதாகி நடுவழியில் நின்ற நாளில் மட்டும் தொண்ணூற்றொன்று. நாற்பத்தாறு அகவையும் அடர்ந்த மீசையும் உடைய இவரைச் செயலி பதினைந்து அகவைப் பெண்ணென ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், திசம்பர் நடுவில் வந்த அறிக்கையில் மாவட்டத்திலேயே மிக மகிழ்வான மாணவி பிரதீபா எனவும் அறிவித்தது.

7. அந்த அறிக்கை என் கைக்கு வந்தது. இங்குதான் என் குற்றம் தொடங்குகிறது. உண்மை அறியாமல், ‘பிரதீபாவைப் பாருங்கள்’ என்ற தலைப்பில் ஓர் உரையாற்றி நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் அனுப்பினேன். துன்பத்தைக் கண்டு துவளாத நெஞ்சம் என்றேன். தென்றலுக்கும் சிரிப்பாள், புயலுக்கும் சிரிப்பாள் என்றேன். பாடம் ஏதும் புரியாமல், புரியவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்த அந்தப் பெண், இந்த உரையை மாலையில் தந்தையின் அலைபேசியில் கேட்டிருக்கிறார். முழுவதும் கேட்டிருக்கிறார். என் உரையைத் தாண்டி ஓட்டாமல் முழுவதும் கேட்ட ஒரே மாணவி இவர்தான் என்று நினைக்கிறேன். இரண்டு நாளுக்குப்பின் தேவிகாவின் வீட்டுக்கும் போகவில்லை. சோறு குறைந்தது. பேச்சு நின்றது.

8. எங்கள் தெருவில் வாழும் ஆன்தோனெத் அம்மையார், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி மறைந்தவரின் மனைவி. பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறுபவர். பிரான்சில் இருக்கும் மகள் நத்தாலியுடன் முகம் பார்த்துப் பேசுவதற்காக வீட்டில் இணைய இணைப்பு வைத்திருக்கிறார். புத்தாண்டுக்குப் பின், அலைபேசி அகப்பட்ட பிள்ளைகளையும் அகப்படாத பிள்ளைகளையும் சேர்த்து எண்மரைத் தம் உணவு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஒரே கட்டளை: பிற்பகல் ஒன்றரைக்கு நத்தாலி அழைப்பார், அதற்குள் முக்கோணங்கள் முடிந்தாக வேண்டும். தேவிகா, பிரதீபாவைக் கைப்பிடியாக இழுத்து வந்தார். சனவரி 5ஆம் நாள் காலை, தோழியின் அலைபேசியில் தம் பதிவெண்ணை இட்டு, பிரதீபா முதல்முறையாகத் தம் சொந்த முகத்தைத் தங்கள் செயலிக்குக் காட்டினார். ‘முகம் பொருந்தவில்லை; வேற்று ஆள்’ என்றது. இரண்டாம் முறையும் அதுவே. மூன்றாம் முறை கணக்கு பூட்டப்பட்டது. ‘மலர்ந்த முகத்துடன் மீண்டும் முயல்க’ என்று ஓர் அறிவுரை மட்டும் திரையில் நின்றது. சனவரி 19இல் தொடங்கும் மாதிரித் தேர்வின் வினாத்தாள் இவருக்குத் திறக்காது. மாதிரித் தேர்வு எழுதாதவர் பெயர், சனவரி 30இல் முடிவாகும் நுழைவுச்சீட்டுப் பட்டியலில் சேராது. நுழைவுச்சீட்டு இல்லாமல் பொதுத்தேர்வு இல்லை.

9. அன்பழகனும் நானும் தங்கள் அலுவலகம் வந்தோம். தாங்கள் வெளியே சென்றிருந்தீர்கள். எழுத்தர் ஒருவர் எங்களை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. திரையைப் பார்த்து, அன்பழகனைப் பார்த்து, மீண்டும் திரையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “சார், சிஸ்டத்துல இருக்குற மொகத்துக்கு மீசை இருக்கு. பொண்ணுக்கு இல்ல. நான் என்னங்க பண்றது?” கண்ணால் கண்டதைச் சொன்னவரை எப்படிக் கடிந்துகொள்வது? அவரே இரக்கப்பட்டு ஒரு வழியும் காட்டினார். தந்தையின் முகத்தைக் காட்டினால் வினாத்தாள் திறக்குமாம். அன்பழகன் உடனே, “அப்ப நானே பரிச்சைக்கு உக்காரட்டுங்களா? எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், மிச்சத்தப் பாத்துக்கலாம்” என்றார். எழுத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்பழகன் சிரிக்கவில்லை. இருபத்தொன்பது நாளுக்கும் சேர்த்து அன்றுதான் அவர் சிரிக்காமல் இருந்தார்.

10. அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிரதீபா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பழக்கத்தால் நான் தொண்டையைச் செருமினேன். பொங்கலுக்குரிய இரவிக்கைகளைத் தைத்துக்கொண்டிருந்த தாயார் மங்கையர்க்கரசி, பொறியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, கொஞ்சம் பேசாம ஒக்காருங்க. அவ பேசட்டும்” என்றார். உட்கார்ந்தேன். ஏறத்தாழப் பதினொரு மணித்துளி யாரும் பேசவில்லை. என் பொதுவாழ்வில் இதுவே மிக நீண்ட அமைதி. அதன்பிறகு அந்தப் பெண் பேசினார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “போனுல நான் சந்தோஷமா இருக்கேன்னு வருது. ஐயா பேச்சுலயும் நான் சந்தோஷமா இருக்கேன். நெசத்துல நான் வகுப்பே பாக்கல. ஒளின்னு ஒரு பாடம் முடிஞ்சிட்டுதாம், எனக்கு அது ஆரம்பிச்சதே தெரியாது. கேக்கலாம்னு போனா, ஒனக்கென்னடி, மாவட்டத்துலயே சந்தோஷமான புள்ளன்னு கிண்டல் பண்றாங்க.” தந்தையின் முகத்தைக் காட்டி வினாத்தாளைத் திறக்கும் வழியை அன்பழகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். தப்பாக எண்ண வேண்டாம், ஒரு சிரிப்புத்தானே என்றார். பிரதீபா அப்போதுதான் தலை நிமிர்ந்தார். “பரிச்சையையாவது நானா எழுதுறேனேப்பா” என்றார்.

மறுநாள் இதையெல்லாம் ஆன்தோனெத் அம்மையாரிடம் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னே வைத்தார். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பும் உயிர்ச்சான்று அது. ஓர் அலுவலர் முன் நேரில் போய் நிற்க வேண்டும். அந்த அலுவலர் நம் முகத்தைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். காரைக்காலில் இதை அறியாத தெரு குறைவு. அம்மையார் சொன்னார்: “போனேன். நல்லா இருக்கீங்களாம்மான்னு கேட்டாரு. முட்டி வலின்னேன். தைலம் பேரு சொன்னாரு, கையெழுத்துப் போட்டாரு. அஞ்சு நிமிஷம். பிரான்சு ஒரு வருஷத்துக்கு நம்பிட்டான். இந்தத் தாள்ல எங்கயாவது சிரிக்கணும்னு எழுதியிருக்கா, பாத்துச் சொல்லு தம்பி.” முன்னும் பின்னும் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. “அங்க கடலுக்கு அந்தாண்ட இருக்குறவன் நான் உசிரோட இருக்கேனான்னு ஆள வச்சிப் பாக்குறான். இவங்க நாலு தெரு தள்ளி இருக்குற புள்ளைய நேர்ல பாக்க மாட்டாங்களாமா?” இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் தாங்கள் என்பதால், சொல் மாறாமல் அனுப்பி வைக்கிறேன்.

11. ஆகவே முதன்மையான வேண்டுகோள் இது. சனவரி 19ஆம் நாளுக்கு முன், தலைமையாசிரியர் மாணவி அ. பிரதீபாவை நேரில் கண்டு, ‘இவரே எம் மாணவி’ எனக் கையொப்பமிட்டுத் தரும் சான்றைத் தங்கள் பிரிவு ஏற்க வேண்டும். வினாத்தாளைத் தாளாகவே அவர் கையில் தர வேண்டும். தாளுக்கு யார் முகமும் தெரியாது. அதுவே அதன் சிறப்பு. வாராத வகுப்புகளுக்கு வந்ததாகக் காட்டும் இருபத்தொன்பது நாள் வருகையை நாங்களே வேண்டாமென்று விட்டுக்கொடுக்கிறோம். அதற்கு ஈடாகப் பொங்கல் விடுமுறையில் அறிவியலும் கணக்கும் சொல்லித்தர ஆசிரியர்கள் இருவர் தாமே முன்வந்துள்ளனர். மேசை ஆன்தோனெத் அம்மையாருடையது. ஒளி என்னும் பாடம் விடுமுறைக்குக் காத்திராமல் நேற்று முன்தினமே தொடங்கிவிட்டது.

12. மற்ற நாற்பத்திருவர் பொருட்டும் சில கேட்கிறேன். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடம் காலை வேளைகளில் காலியாகவே கிடக்கிறது. அதன் கூரை திங்கள் முதல் ஞாயிறு வரை எந்நாளிலும் நிற்கக் கூடியது. அங்கே வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் ஓர் ஆசிரியர் நேரில் பார்க்கட்டும். முப்பத்திரண்டு வினாக்கள் வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எந்தப் பாடம் புரியவில்லை என்ற மூன்றே போதும். பிள்ளை சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் ஆசிரியர் கையொப்பமிடட்டும். பாடப் பதிவுகள் மறுநாள் காலை வரை இருக்கட்டும். அப்பாக்களோடு வேலைக்குப் போன அலைபேசிகள் வீடு திரும்ப வேண்டுமல்லவா? ஆசிரியர்கள் இப்போது பகலில் ஐயம் தீர்க்கும் நேரத்தையும் மாலை ஏழு முதல் எட்டு வரை என மாற்றுங்கள். கவலை என்று சொல்லும் பிள்ளைக்கு உடனே வகுப்பு திறக்கட்டும். பிற்பாடு ஓர் ஆசிரியர் அழைத்துப் பேசட்டும். பேசட்டும் என்று எழுதிவிட்டேன். கேட்கட்டும் என்று திருத்தி வாசிக்க வேண்டுகிறேன்.

13. மூவர்மீது புகார் என்றேன். முதலாமவர் தங்கள் செயலி. அதற்குத் தாங்கள் என்ன செய்தாலும் ஊரில் யாரும் அழமாட்டார்கள். இரண்டாமவர் அன்பழகன். மகள் வருகை போய்விடுமோ என்ற அச்சத்தில் பொய்முகம் காட்டியது குற்றமே. அதற்குத் தண்டனையாக, நாள்தோறும் காலை எட்டு ஐம்பதுக்குச் சிரிக்கும் கடமையிலிருந்து அவரை உடனே விடுவிக்க வேண்டும். மூன்றாமவன் நான். ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அவரைப் பற்றிப் பதினேழு மணித்துளி பேசினேன். என் உரைகள் இருபத்தொன்பதையும் செயலியிலிருந்து நீக்க வேண்டும். பிரதீபாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “பரவாயில்லீங்க ஐயா” என்றார். பிறகு, போகிற போக்கில், “இனிமே என்னப் பத்திப் பேசுறதுன்னா மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க” என்றும் சொன்னார். மூன்று வாரங்களில் அவர் தாமாக முன்வந்து சொன்ன முதல் சொல் அது. தங்கள் செயலியில் அதை எத்தனை விழுக்காடு என்று குறிப்பார்கள் எனத் தெரியவில்லை.

பாராட்டுச் சான்றிதழைச் சட்டத்திலிருந்து கழற்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. தாங்கள் 19ஆம் நாளுக்கு முன் இடும் கையொப்பத்தின் படியை அங்கே மாட்ட ஆணியை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

தங்கள் கையொப்பத்தை எதிர்நோக்கி,
(இம்முறை சுருக்கமாகப் பேச முயன்ற)
பூ. கார்முகில்

நாள்: 12.01.2026
இடம்: பூமாலைக்கட்டளை

இணைப்புகள்:
1. பாராட்டுச் சான்றிதழ், ஒன்று. சட்டம் நீங்கலாக.
2. நாற்பத்து மூன்று மாணவர்களின் பெற்றோர் கையொப்பங்கள். அன்பழகன் தம் பெயரிலேயே இட்டிருக்கிறார்.
3. மாணவி அ. பிரதீபாவின் நிழற்படம், ஒன்று. நேற்று எடுத்தது. சிரிக்கவில்லை. அவர்தான்.